பத்துமணிப் பூ

பட்டப்பெயர் வைப்பது மாஸ்டருக்குக் கைவந்த கலை. துணி வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது வேறு விஷயம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில், அளவு நாடா இல்லாமலே, கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு பெயரை வெட்டிப் போடுவதில்தான் அவருக்கு உச்சி குளிரும். மெஷினை ஆமை வேகத்தில் ஓட்டுகிறவருக்குப் ‘புயல்’ என்று பெயர். இஸ்திரி மேசையில் நாள் முழுக்க ஆவிக்கு நடுவில் நிற்கிறவர் ‘ரயில்’. அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு, தைத்து வந்ததும் சட்டை இறுக்குகிறது என்று சண்டைக்கு வருகிற பள்ளி மேலாளர் ‘அரை மூச்சு’. பெயர் பிறந்ததும் மாஸ்டர் தன் பெரிய கத்தரியால் வெட்டு மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். மெஷின்கள் நிற்கும். எல்லோரும் சிரிக்க வாயைத் தயாராக வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பார்கள்.

பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரிக் கோட்டும் தைக்கிற கூடம் அது. கீழே கடை, மேலே வீடு. கல்யாண வாழ்க்கை ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட அவருடைய மச்சினி, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து காஜா எடுப்பாள். பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூலால் கரை கட்டுகிற வேலைதான் காஜா. மெஷினிலும் எடுக்கலாம், ஆனால் கோட்டுக்குக் கை காஜாதான் அழகு என்று மாஸ்டர் அடித்துச் சொல்வார். அவள் எடுத்த காஜாவைக் காட்டித்தான் புது வாடிக்கைகளை வளைத்துப் போடுவார். அவள் அவரை அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவரும் மச்சினி என்ற உரிமையில் அவளைச் சீண்டாத நாளில்லை. அந்தச் சீண்டல்தான் வினையாகப் போயிற்று.

காலையில் அவளுக்குக் கை ஓடாது. எல்லோருக்கும் முன்னால் கடைக்குள் வந்துவிடுவாள், ஆனால் ஊசியைத் தொட மாட்டாள். நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்குவாள். ஏற்கெனவே பெருக்கிய தரையை இன்னொரு தரம் பெருக்குவாள். பத்து மணிக்கு மேல் அவளைப் பார்க்க வேண்டும்! விரல்கள் பறக்கும். மத்தியானத்துக்குள் விட்டதைப் பிடித்துவிட்டு, சாயங்காலம் புயலின் வேலையில் பாதியையும் வாங்கி முடித்துக் கொடுப்பாள்.

மாஸ்டர் இதைக் கவனித்தார். கவனித்து, தப்பாகக் கணக்குப் போட்டார். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த கை காலையில் மக்கர் பண்ணுகிறதாம், பகல் முழுக்க உழைத்த கை சாயங்காலம் பறக்கிறதாம். யாரிடம் காது குத்துகிறாள்? நிஜமாகவே வலி இருந்தால் வேலை செய்யச் செய்ய அல்லவா ஏற வேண்டும்? எத்தனையோ வேலைக்கள்ளர்களைப் பார்த்துப் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். இதுவும் அந்த ரகம்தான், உடம்பு எழுந்தாலும் மனசு இன்னும் படுக்கையில் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஜன்னல் விளிம்பில் அவர் மனைவி பழைய எண்ணெய் டப்பாக்களில் பத்துமணிப் பூச்செடி வளர்த்து வந்தாள். காலையில் இறுக்கி மூடிக்கொண்டிருந்து, வெயில் ஏறினதும் சிவப்பும் மஞ்சளுமாக விரிகிற பூ. ஒரு நாள் காலை, ஊசி மறுபடி மறுபடி கையிலிருந்து நழுவ, மச்சினி மேசைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். கத்தரி தட்டியது. டக், டக்.

“நம்ம கடையில ரெண்டு பத்துமணிப் பூ இருக்கு, தெரியுமா? ஒண்ணு டப்பாவுல இருக்கு. இன்னொண்ணு காஜா மேசையில இருக்கு. தண்ணி ஊத்தினாலும் சரி, திட்டினாலும் சரி, பத்து மணிக்கு முன்னாடி விரியவே விரியாது!”

கூடம் குலுங்கியது. ரயிலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மேசைக்கடியிலிருந்து நிமிர்ந்த அவளும் சிரித்தாள். பின்னாளில் மாஸ்டரைப் போட்டு வாட்டியது அந்தச் சிரிப்புதான். அவளும் சிரித்தாளே என்றுதான் அவர் மேற்கொண்டு யோசிக்காமல் இருந்துவிட்டார்.

பெயர் பசை போட்டாற்போல ஒட்டிக்கொண்டது. “பத்துமணி, பொத்தான் டப்பா எங்க?” என்று புயல் கேட்பார். பார்சல் எடுக்க வருகிறவன்கூட “பத்துமணி அக்கா இல்லையா?” என்பான். அவள் கை மணிக்கட்டில் வீங்கி, வளையல் ஏறாமல் போனபோது அக்காக்காரி அவளைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வேலைப்பளு, தேய்மானம் என்று வலி மாத்திரை எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தத்தில் வாதம் இருக்கிறதா என்று ஒரு சோதனையும் பார்த்தார். இல்லை என்று வந்தது.

“பாத்தியா? ரத்தமே சொல்லிடுச்சு, உனக்கு ஒண்ணும் இல்லன்னு” என்றார் மாஸ்டர். “மனுஷன் பொய் சொல்லலாம். ரத்தம் சொல்லாது.”

அதற்கப்புறம் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலையிலேயே ஊசி பிடிக்க ஆரம்பித்தாள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. மச்சினிக்கு ரோஷம் வந்துவிட்டது, தன் வாய்க்கு மருந்தின் குணம் உண்டு என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பெயரை மட்டும் அவர் திரும்ப வாங்கவில்லை. நல்ல பெயர், வீணாக்குவானேன்?

பிறகு குளியலறைத் தாழ்ப்பாள் சம்பவம் வந்தது. ஒரு காலை அவள் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. மாஸ்டர் துண்டோடு வாசலில் நின்று பொறுத்துப் பார்த்தார், கதவைத் தட்டினார், கடைசியில் வழக்கமான வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன, இந்தக் கதவும் பத்து மணிக்குத்தான் திறக்குமா?”

உள்ளே தாழ்ப்பாளை என்னவோ உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம்.

“அத்தான்… தாழ்ப்பாளை இழுக்க முடியல.”

தோளால் இடித்துத்தான் திறந்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கைகளும் பாதி மடங்கினபடி நெஞ்சுக்கு நேரே இருந்தன, யாருக்கோ சொந்தமான கைகளைப் பிடித்துக்கொண்டிருப்பவள் மாதிரி. தரையில் ஒரு பேசின் நிறைய வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெந்நீர் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் அப்போது இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கோட்டுகளை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் மனைவி கடையைப் பார்த்துக்கொண்டாள். மூட்டுவாதத்துக்கென்றே படித்த டாக்டரம்மாவிடம் மச்சினியை மாஸ்டர்தான் கூட்டிக்கொண்டு போனார். சின்ன அறை. சுவரில் கை எலும்புகளின் படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளின் விரல் முட்டிகளையும், கைகுலுக்குகிறாற்போலப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து லேசாக அழுத்தினார். அவள் சத்தம் போடவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் சுருண்டது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் அதைப் பார்த்தார்.

“வலி எப்ப அதிகமா இருக்கும்மா?”

“சாயங்காலம்தான் டாக்டர். வேலை செஞ்சு முடிச்சப்புறம்.”

“காலைல எழுந்ததும் விரல் எப்படி இருக்கும்? விறைச்சுப் போய், நேரம் போகப் போக இளகுமா?”

“இல்ல டாக்டர். காலைல நல்லாத்தான் இருக்கும்.” மாஸ்டர் இருந்த பக்கம் அவள் கண் ஒரு நொடி போய் வந்தது. “எழுந்த உடனே வேலை செய்வேன்.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “உங்க கை ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்களே. வாதச் சோதனையும் இல்லைன்னு வந்திருக்கு. நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா வேலையால வர்ற வலி மாதிரி இருக்கு. சரி, கைக்கு ஓய்வு குடுங்க. ஒரு ரெண்டு மாசம் கழிச்சு…”

மாஸ்டர் நிமிர்ந்தார். காலையில் விறைத்துப் போய், நேரம் போகப் போக இளகுமா? இதைத்தானே அவர் கத்தரி தட்டிக் கூடத்துக்கே சொன்னார்? டாக்டர் தேடுகிற பதில் அவர் வாயில்தான் கிடந்தது. அவளோ அவர் வாய்க்குப் பயந்து அதை மறைக்கிறாள். சொன்னால் அவருடைய மானம் போகும். சொல்லாவிட்டால் அவளுடைய கை போகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். மாஸ்டர் யோசித்தார் என்பதுதான் அசிங்கம். டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழிக்கும் வரை யோசித்தார்.

“டாக்டர், இவளுக்குக் கடையில ஒரு பேரு இருக்கு.”

“அத்தான், வேண்டாம்.”

“பத்துமணிப் பூன்னு பேரு.”

டாக்டர் சிரித்தார். “அழகா இருக்கே.”

“அழகுக்கு வெச்சதில்லீங்க” என்றார் மாஸ்டர். “காலைல இவ கை மூடிக்கிட்டே இருக்கும். ஊசி நிக்காது. பத்து மணிக்கு மேலதான் விரல் விரியும். அதுக்கப்புறம் பறக்கும். அதனால வெச்ச பேரு. சோம்பேறின்னு நெனச்சு நான்தான் வெச்சேன்.”

டாக்டரின் சிரிப்பு அடங்கியது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இந்தப் பேரு வெச்சு எவ்வளவு நாளாச்சு?”

நோய் எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது மாஸ்டருக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் வாய் குழறியது.

“மூணு வருஷம் இருக்கும்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “இப்ப சொல்லுங்க. நிஜமா காலைல என்ன நடக்கும்?” என்றார். அவள் சொன்னாள். மாஸ்டரைப் பார்க்காமல், சுவரில் இருந்த எலும்புக் கையைப் பார்த்துச் சொன்னாள். ஜாக்கெட் கொக்கி போட முடியாது. பல் தேய்க்கிற பிரஷ் கையில் நிற்காது. யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் எழுந்து, வெந்நீரில் கையை முக்கி முக்கி, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் கடைக்கு இறங்குவாள். ஒரு வருஷமாக இப்படித்தான்.

“ஏன் சொல்லல?”

“சோம்பேறின்னு சிரிச்சாங்க டாக்டர். ரத்தத்துல வேற ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நெஜமாவே நான் சோம்பேறியோன்னு.”

தன் வாய்க்கு மருந்தின் குணம் உண்டு என்று பீற்றியதெல்லாம் மாஸ்டருக்கு நினைவு வந்தது. நாற்காலியோடு தரைக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

மேற்கொண்டு ரத்தம் எடுத்தார்கள், கையை எக்ஸ்ரே எடுத்தார்கள், மூட்டுகளை ஸ்கேன் செய்தார்கள். அடுத்த முறை போனபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். “இது முடக்கு வாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆளு தெரியாம மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வைத் தாக்குது. வீட்டு நாயே வீட்டு ஆளைக் கடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. எல்லாருக்கும் இது ரத்தத்துல தெரிஞ்சுடாது. சோதனை இல்லைன்னு வந்தா நோய் இல்லைன்னு அர்த்தமில்ல. அதனாலதான் கதையைக் கேக்கறோம். தேய்மானம்னா வேலை செய்யச் செய்ய வலி ஏறும். இதுக்கு நேர் எதிர். ராத்திரி அசையாம கிடக்கும்போது மூட்டு விறைச்சுடும், கை ஓட ஓட இளகும். நாங்க முதல்ல கேக்கறதே அதான்.”

“மருந்து இருக்குங்களா?” என்றார் மாஸ்டர்.

“நல்ல மருந்து இருக்கு. ஆனா வாரத்துல ஒரு நாள் மட்டும்தான் போடணும். சீக்கிரம் சரியாகட்டும்னு தினம் போட்டீங்கன்னா உயிருக்கே ஆபத்து. கூட ஒரு சத்து மாத்திரை, அது வேற நாள்ல. கல்லீரலைக் கவனிக்க அப்பப்ப ரத்தம் பாக்கணும். குணம் தெரிய சில வாரம் ஆகும், பொறுத்துக்கணும். அதுவரைக்கும் வீக்கம் அடங்க வேற மாத்திரை கொஞ்ச நாள் தர்றேன்.”

வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. எக்ஸ்ரேயில் அங்கே எலும்பின் ஓரம் அரித்திருந்தது. டாக்டர் பேனா முனையால் காட்டினார்.

“முன்னாடியே வந்திருந்தா?” மாஸ்டர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“இது அனேகமா ஆகியிருக்காது. இனிமே ஆகாம பாத்துக்கலாம். அரிச்சது திரும்பாது.”

மருந்து வேலை செய்தது. மாதங்கள் போகப் போக வீக்கம் வடிந்தது, வளையல் ஏறியது. காலைக் காப்பி ஆறுவதற்குள் விரல் இளகிவிடும் என்கிற நிலைக்கு வந்தாள். ஞாயிறுதோறும் மாத்திரையை மாஸ்டரே எடுத்துக் கொடுத்தார். தினம் கொடுத்தால் என்ன என்று கேட்ட மனைவியிடம் எரிந்து விழுந்தார். மச்சினிக்கு ஜாடி மூடி திறப்பதும், கனமான பையைத் தூக்குவதும் அவர்தான். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை.

அதைவிடக் கொடுமை, அவருக்குப் பாராட்டு மழை. டாக்டருக்கே பிடிபடாத நோயை எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார் என்று மனைவி போனில் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொன்னாள். “அவர் மட்டும் அந்தப் பேரை அன்னைக்குச் சொல்லலேன்னா என் தங்கச்சி கதி என்ன?” வந்தவர்கள் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அப்படி இல்ல, நான் கிண்டல் பண்ணதாலதான் அவ மறைச்சா” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். “பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!” என்றார்கள். செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. யாரையுமே பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவர் நிறுத்திவிட்டார். தன் மேல் ஏதோ கோபம் என்று ரயில் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பூச்செடி டப்பாக்களைக் கண்டாலே மாஸ்டருக்குக் கூசியது. யாரும் பார்க்காதபோது அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில் வைத்தார்.

கடை மூடுகிற நேரத்தில் அவள் கேட்டாள். “அத்தான், ஜன்னல்ல இருந்த செடி எங்க?”

“பின்னாடி வெச்சிருக்கேன். வெயில் நல்லாப் படும்னு.”

“அங்க ஏது வெயில்?” ஊசிகளை டப்பாவில் போட்டு மூடினாள். “பூ என்ன தப்பு பண்ணுச்சு? பத்து மணிக்கு விரியறது அதோட சுபாவம். எனக்கு இருந்தது சுபாவம் இல்ல, நோய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. மாத்திரை எடுத்துக் குடுக்கறீங்க. எல்லாம் சரி. அவ சோம்பேறி இல்லன்னு ஒரு வார்த்தை, சிரிச்ச இடத்துல நீங்க சொல்லவே இல்லையே அத்தான்.”

மூன்று வருடத்தில் அவள் அவரைக் குறை சொன்னது அதுவே முதல் தடவை. அவள் விளக்கை அணைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

மறுநாள் காலை டப்பாக்கள் ஜன்னலுக்குத் திரும்பியிருந்தன. எல்லோரும் வந்து உட்கார்ந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் மாஸ்டர் கத்தரியை எடுத்தார். டக், டக்.

ரொம்ப நாள் கழித்துக் கேட்ட சத்தம். மெஷின்கள் நின்றன. புயல் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார். ரயிலின் முகம் மலர்ந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே முன்னால் குனிந்தார்.

“இது சிரிக்கறதுக்கு இல்ல” என்றார் மாஸ்டர்.

எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். அவருடைய நல்ல நல்ல ஜோக்குகள் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

“இவ சோம்பேறி இல்ல. ஒரு நாளும் சோம்பேறியா இருந்ததில்ல. வலியில துடிச்சவளைப் பாத்து நான் சிரிச்சேன். உங்களையும் சிரிக்க வெச்சேன். அதனாலதான் இவ வாயைத் திறக்கல. அந்த ரெண்டு விரலும் கோணிப் போனது என்னாலதான். நான் எதையும் கண்டுபிடிக்கல. நான்தான் மறைக்க வெச்சேன். இனிமே அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடாதீங்க.”

புயல் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டு, மிச்ச ஜோக் எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் வாய் மெள்ள மூடியது. மாஸ்டரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலில் பூக்கள் இன்னும் மூடியே இருந்தன. காஜா மேசையில் ஊசி குத்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோணின இரண்டு விரல்களும் துணியைத் தொடாமல் தனியே ஒதுங்கி நிற்க, மற்ற மூன்று விரல்களால் அவள் நூலை இழுத்தாள். ஒரு தையல் போட்டாள். இன்னொன்று போட்டாள். தலை நிமிரவில்லை.

“அண்ணே, துணி கருகுது” என்றாள்.

ரயில் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கினார். வெள்ளைக் கோட்டின் நடுமுதுகில் பழுப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. புயல் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், பேச்சும் மெஷினும் ஒவ்வொன்றாக மறுபடி கிளம்பின. மாஸ்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கையிலிருந்த கத்தரியை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.